அவுரி வயல் முதல் ஆலைச் சங்கு வரை: புதுச்சேரி அரசுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரி அரசின் மாண்புமிகு முதலமைச்சர், அமைச்சர்கள், சட்டப்பேரவை உறுப்பினர்கள், கலை பண்பாட்டுத் துறை அலுவலர்கள் ஆகியோருக்கு,

வணக்கம்.

நான் முதலியார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். என் அப்பா இங்குள்ள ஆலை ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தறி ஓட்டியவர். நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். எங்கள் பகுதியில் இன்றும் பலர் ‘ரோடியர் மில்’ என்றே சொல்லும் ஏ.எப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்) ஆலை 2020இல் மூடப்பட்டது. அந்த வளாகத்தை என்ன செய்யலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது, பிறகு அடங்குகிறது. அடுத்த முறை அந்தப் பேச்சு எழும்போது என் கோரிக்கையும் உங்கள் மேசையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். அங்கே எந்தத் திட்டம் வந்தாலும், வளாகத்தின் ஒரு பகுதியை இந்த மண்ணின் துணி வரலாற்றுக்கென்று ஒதுக்கித் தாருங்கள். அந்த வரலாற்றை ஆலையின் வாசலிலிருந்து தொடங்காமல், அவுரிச் செடியிலிருந்து தொடங்குங்கள்.

ஏன் செடியிலிருந்து என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அவுரி இடுப்பளவு வளரும் சிறு செடி. அதைப் பார்த்தால் நீலத்தின் சாயல்கூடத் தெரியாது. இலை பச்சை, பூ இளஞ்சிவப்பு. விதைத்து மூன்று மாதம் போலக் கடந்து, பூக்கும் பருவத்தில் தழையை அறுத்து, தொட்டியில் அடுக்கி, மேலே பாரம் வைத்து நீரில் மூழ்க வைப்பார்கள். ஓர் இரவு ஊறியதும் தழை புளித்து, நீர் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்துக்கு வரும். அந்த நீரை மட்டும் அடுத்த தொட்டிக்கு வடித்து, காற்று நன்றாகக் கலக்கும்படி மணிக்கணக்கில் அடித்துக் கலக்குவார்கள். நுரை முதலில் பச்சையாகக் கிளம்பும், பிறகு நீலமாக மாறும். கலக்குவதை நிறுத்தியதும் நீலம் சேறுபோல் அடியில் படியும். அதைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அழுத்திப் பிழிந்து, கட்டிகளாக அறுத்து நிழலில் உலர்த்தினால் அதுதான் நீலக்கட்டி. சென்னை மாகாணத்தில் இதற்கு இன்னொரு வழியும் வழக்கில் இருந்தது. அறுத்த தழையை வெயிலில் காயவைத்து உதிர்த்து, அந்த இலையைச் சில வாரங்கள் சேமித்து வைத்து, அதன் பச்சை மாறிய பின்பே தொட்டியில் ஊறப்போடுவது அந்த வழி. தழையை அறுத்த அன்றே தொட்டிக்குக் கொண்டுபோக வசதி இல்லாத சிறு விவசாயிக்கும் அவுரியில் இடம் கொடுத்த முறை அது.

தென்னார்க்காட்டில் அவுரி முக்கியமான பணப்பயிராக இருந்தது. திண்டிவனம் பக்கம் அது இன்றும் பயிராகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கத்துச் சாயப்பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். தொட்டியின் மேல் செம்பு நிறத்தில் ஏடு படர்ந்திருந்தது. ஏட்டை ஒதுக்கிவிட்டு, நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியை அங்கே சாயம் தோய்க்கும் அம்மா ஒருவர் மெதுவாக உள்ளே இறக்கினார். சில நிமிடங்கள் கழித்து மேலே எடுத்தபோது துணி இளம் வாழைக்குருத்தின் நிறத்தில் இருந்தது. நான் ஏமாந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தேன். “எடுத்த உடனே பாக்காதீங்கம்மா, கொஞ்சம் காத்து படட்டும்” என்றார். கொடியில் போட்ட துணியின் விளிம்பிலிருந்து பச்சை இருண்டுகொண்டே வந்தது. மடிப்புக்குள் காற்றுப் புகாத இடம் மட்டும் பச்சையாகவே நின்றது. விரலால் மடிப்பைப் பிரித்துவிட்டார், அங்கேயும் நீலம் ஏறியது. ஒரு முறை தோய்த்தால் வெளிர்நீலம்தான் கிடைக்கும். கருநீலம் வேண்டுமென்றால் தோய்ப்பதும் காற்றில் விடுவதும் பல முறை நடக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்து போகும் ‘நீலச் சாய வணிகம்’ என்ற சொற்களுக்குள் எத்தனை கைகள் இருந்தன என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

அந்தக் காலத்துச் சாயக்காரர்கள் இதைத் தாழியில் செய்தார்கள். நீலக்கட்டியை அரைத்து, வேகவைத்த தகரை விதை, சுண்ணாம்பு, காரநீர் ஆகியவற்றோடு சேர்த்து நாட்கணக்கில் புளிக்கவிடுவார்கள். தாழி ‘பழுத்துவிட்டதா’ என்பதை மணத்தையும் நிறத்தையும் வைத்தே சொல்லியாக வேண்டும், வேறு அளவுகோல் கிடையாது. சாலையோரத்தில் தானாக முளைக்கும் தகரைச் செடியின் விதைக்கு இந்தத் தொழிலில் இப்படி ஓர் இடம் இருந்தது என்பதை என் மாணவர்களிடம் சொன்னபோது, மறுநாள் இரண்டு பேர் அந்தச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தார்கள்.

இந்தக் கரைக்கு ஐரோப்பியக் குழுமங்கள் வந்ததே துணிக்காகத்தான். 1673இல் ஷேர்கான் லோடியிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் இடம் பெற்றதும், பிரான்சுவா மர்த்தேன் இங்கே நிலைகொண்டதும், 1690இல் ஆங்கிலேயர்கள் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியதும், கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரைக்கும் உள்ள ஊர்களைத் தங்களுடையதாக்கிக்கொண்டதும் ஒரே நோக்கத்தின் இரண்டு முனைகள். கரையிலிருந்து உள்ளே போகப் போக நெசவுக் கிராமங்கள் இருந்தன. அவற்றில் நெய்த துணி கடலுக்கு வந்து சேரும் வாசல்களாகப் புதுச்சேரி, கடலூர், பரங்கிப்பேட்டை ஆகிய மூன்றும் இருந்தன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள பழங்காலத் துறைமுகமான அரிக்கமேட்டில் 1945இல் அகழ்ந்த தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், அங்கு கிடைத்த செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயமேற்றிய தொட்டிகள் என்று கருதினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஆகவே, இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்ச்சி என்ற பெரிய வார்த்தையை நான் சொல்ல மாட்டேன். கையில் எழுத்துச் சான்றோடு இருக்கும் முந்நூற்றைம்பது ஆண்டுகளே நமக்குப் போதும்.

பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமாக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761இல் இறக்கும் வரை எழுதிய நாட்குறிப்பை, கவர்னர் துய்ப்ளேக்ஸ் காலத்து அரசியலுக்காகவே பெரும்பாலும் படிக்கிறோம். அதே பிள்ளை துணி வணிகத்தில் ஊறியவர். போர் வந்தால் நெசவாளர் ஊரைவிட்டுப் போவது, கப்பல் வராவிட்டால் பணம் முடங்குவது என்ற கவலைகள் கோட்டைக்குள் எவ்வளவு இருந்தனவோ அவ்வளவு முத்தியால்பேட்டையின் தறிக்குழிகளிலும் இருந்திருக்கும். கோட்டையின் வரலாறு எழுதப்பட்டுவிட்டது. தறிக்குழியின் வரலாறு இன்னும் எழுதப்படாமலே கிடக்கிறது.

பிரான்சில் இந்தத் துணிக்கு நேர்ந்தது வியப்பானது. இங்கிருந்து போன வண்ணப் பருத்தித் துணி அங்கே பட்டு, கம்பளி, ஆளிநார் நெசவாளர்களின் பிழைப்பைக் கெடுக்கிறது என்று சொல்லி, 1686இல் பதினான்காம் லூயியின் அரசு அதற்குத் தடை விதித்தது. தடை 1759 வரை நீடித்தது. தடை இருந்தபோதும் ஆசை குறையவில்லை. எனவே, துணியை வாங்க முடியாவிட்டால் அதைச் செய்யும் வித்தையையாவது வாங்குவோம் என்று கிளம்பினார்கள். 1730களில் பொலியே என்ற கடற்படை அதிகாரி, புதுச்சேரியில் துணிக்கு வண்ணம் தீட்டும் முறையைப் படிப்படியாகக் கவனித்து எழுதி, ஒவ்வொரு படியிலும் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டி அந்தக் குறிப்போடு சேர்த்து அனுப்பினார். அந்தத் துண்டுகள் பாரிசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியக நூலகத்தில் இன்றும் பாதுகாப்பாக இருக்கின்றன. 1742இல் கேர்து என்ற இயேசு சபைப் பாதிரியார், தம்மிடம் மதம் மாறி வந்திருந்த சாயத் தொழிலாளர்களிடம் கேட்டுக் கேட்டு, சாயவேரின் சிவப்பையும் அவுரியின் நீலத்தையும் பற்றி நீண்ட கடிதம் எழுதினார். எழுதிய இருவரின் பெயரும் நமக்குத் தெரிகிறது. சொல்லிக்கொடுத்த கைகளில் ஒன்றின் பெயர்கூடத் தெரியாது. ஓர் ஆசிரியை என்ற முறையில் இது என்னை நீண்ட காலமாக வருத்துகிறது.

வண்ணம் தீட்டிய துணியைவிட இந்த ஊருக்கு நீண்ட காலம் சோறு போட்டது, வெறும் நீலத்தில் தோய்த்த முரட்டுப் பருத்தித் துணிதான். அதைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘கினே’ என்று அழைத்தார்கள். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் போகும் துணி என்பதால் வந்த பெயர் அது. தென்னார்க்காட்டிலும் அதற்கு அப்பாலும் நெய்த வெள்ளைத் துணி புதுச்சேரிக்கு வந்து நீலமாகிக் கப்பலேறியது. சாயம் பிடிப்பதில் இந்த ஊர்த் தண்ணீருக்குத் தனிக் குணம் உண்டு என்று வணிகர்கள் நம்பினார்கள். தோய்த்து உலர்ந்த துணியைக் கட்டைகளால் அடித்து அடித்துப் பளபளப்பு ஏற்றி, மடித்துக் கட்டி அனுப்புவார்கள்.

அது போய்ச் சேர்ந்த இடம் செனகல் ஆற்றங்கரை. அங்கே சகாராவின் விளிம்பில் வேல மரங்களிலிருந்து பிசின் எடுக்கும் மூர் வணிகர்கள், அந்தப் பிசினுக்கு மாற்றாகக் காசைவிடக் கினேயைத்தான் கேட்டார்கள். எத்தனை கினேக்கு எவ்வளவு பிசின் என்பதுதான் ஆற்றங்கரைச் சந்தையின் பேச்சு. 19ஆம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்தில் கினே பணமாகவே புழங்கியது. வெள்ளைத் துணியில் அச்சு வண்ணம் ஏற்றவும் துணிக்கு விறைப்புக் கொடுக்கவும் ஐரோப்பிய ஆலைகளுக்கு அந்தப் பிசின் தேவைப்பட்டது. இப்படியாக, நம் ஊர் நீலத் துணி செனகலுக்குப் போய்ப் பிசினாக மாறி, அந்தப் பிசின் பிரான்சுக்குப் போய் இன்னொரு துணிக்குள் புகுந்தது. பாலைவனத்து மக்கள் புதுச்சேரிக் கினேயைத் தொட்டும் முகர்ந்தும் அடையாளம் கண்டார்கள். அதே நிறத்தில் ஐரோப்பாவில் நெய்த போலித் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். உடுத்தியவர் தோலில் அந்த நீலம் ஒட்டும். அதைக் குறையாக எண்ணாமல் அழகாகவே எண்ணினார்கள்.

இதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு அப்பாதான் நினைவுக்கு வருவார். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால், கடைக்காரர் விரித்துப் போட்ட துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து ஒரு முறை தேய்ப்பார், அவ்வளவுதான். “பாவு நாப்பது, ஊடை அதவிட மட்டம்” என்று நீள நூலையும் குறுக்கு நூலையும் எடைபோட்டுச் சொல்வார். கடைக்காரர் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை.

இந்த வணிகத்தின் கொடிய பக்கத்தையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து போன நீலத் துணியைக் கொடுத்து மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை விலைக்கு வாங்கினார்கள். அங்கே கப்பலேற்றப்பட்டவர்கள் அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக மடிந்தார்கள். நம் நெசவாளிக்கும் சாயக்காரருக்கும் தாங்கள் செய்த துணி எதற்கு விலையாகிறது என்பது தெரிந்திருக்க வழியில்லை. நமக்குத் தெரியும். ஆகவே, புதுச்சேரியில் கினேயைப் பற்றி எழுதப்படும் எந்தப் பலகையிலும் இந்தச் செய்தி விடுபடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிசினின் தேவை குறைந்தது. ஐரோப்பிய ஆலைகளின் மலிவான நீலத் துணி கினேயின் சந்தையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தது. 1880இல் அடால்ஃப் பேயர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் ஆய்வகத்தில் நீலத்தை உருவாக்கினார். 1897இல் பி.ஏ.எஸ்.எப். என்ற ஜெர்மானிய வேதிப்பொருள் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டு வந்ததும் அவுரி விவசாயத்தின் முதுகெலும்பு முறிந்தது. மல்லாட்டை (நிலக்கடலை) அதற்கு முன்பே இந்தப் பக்கத்து மானாவாரி நிலங்களில் பரவி, புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மர்செய் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. இன்று எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கே அவுரி என்றால் தலைமுடிக்குப் பூசும் பொடி என்றுதான் தெரியும்.

ஆலைகள் இந்த வணிகத்தின் வயிற்றில் பிறந்தவை. 1820களின் கடைசியில், கவர்னர் தெபசின் தெ ரிஷ்மோன் காலத்து ஊக்கத்தால், புதுச்சேரியில் இயந்திர நூற்பாலை எழுந்தது. பம்பாயில் பருத்தி ஆலைகள் தோன்றுவதற்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டு முன்பே இது நடந்துவிட்டது. அதுவே சவானா ஆலையாகி, பின்னாளில் சுதேசி ஆலையானது. கெப்ளே ஆலை பாரதி ஆலையானது. 1898இல் தோன்றிய ரோடியர் ஆலை ஏ.எப்.டி. ஆனது. மூன்று ஆலைகளின் சங்கொலிதான் பல தலைமுறைகளுக்கு எங்கள் பகுதியின் கடிகாரம். முதல் சங்குக்கு அடுப்புப் பற்ற வேண்டும், இரண்டாம் சங்குக்கு அப்பா தெருமுனையைத் தாண்டியிருக்க வேண்டும்.

அந்த ஆலைகளில் விடியலுக்கு முன் தொடங்கி இருட்டிய பின் முடிந்த வேலைநாளுக்கு எதிராகத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்த வரலாற்றை நீங்கள் ஒவ்வோர் ஆண்டும் நினைவுகூர்கிறீர்கள். 1936 ஜூலை 30 அன்று காவல் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிர் நீத்தார்கள். வ. சுப்பையா போன்ற தொழிலாளர் தலைவர்கள் அந்தப் போராட்டத்தைப் பாரிஸ் வரை கொண்டு சென்றார்கள். 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆண்டுக்கு ஒரு நாள் மாலை போடுகிறோம், அது நல்லதே. ஆனால் அந்த 12 பேர் நின்று வேலை செய்த தறி எப்படி இருந்தது, பஞ்சுத் தூசி பறக்கும் அறையில் எவ்வளவு சூடு இருந்தது, பெண்களும் பிள்ளைகளும் எந்தப் பிரிவில் என்ன வேலை செய்தார்கள் என்பதைக் காட்டுவதற்கு நம்மிடம் ஓர் அறைகூட இல்லை. துப்பாக்கிச் சூட்டைச் சொல்லிக்கொடுக்க எனக்கு எப்போதும் முடிந்திருக்கிறது. அவர்கள் எதற்காக அந்த எட்டு மணி நேரத்தைக் கேட்டார்கள் என்பதைப் பிள்ளைகளின் உடம்பு உணரும்படி சொல்ல ஒருபோதும் முடிந்ததில்லை.

பொருட்கள் நம் கண்முன்னே போய்க்கொண்டிருக்கின்றன என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பழைய பேப்பர் கடை ஒன்றில் அடுக்கியிருந்த கட்டுகளுக்கு நடுவே தடித்த அட்டைபோட்ட பேரேடு ஒன்று தெரிந்தது. பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் உள்ளங்கை அளவில் துணித் துண்டுகள் ஒட்டியிருந்தன. கட்டம் போட்டது, கோடு போட்டது, கருநீலத்தில் ஒன்று, பக்கத்தில் அதன் பாவு எண்ணிக்கையும் ஒரு வரிசை எண்ணும் மையால் எழுதியிருந்தன. ஏதோ ஓர் ஆலையின் மாதிரித் துணிப் புத்தகம் அது. கடைக்காரர் பாதிப் பக்கங்களை ஏற்கெனவே கிழித்துத் துணியைத் தனியாகவும் காகிதத்தைத் தனியாகவும் பிரித்துவிட்டிருந்தார். துணி ஒட்டிய காகிதத்தைக் காகித ஆலைக்காரர்கள் எடைக்கு வாங்குவதில்லையாம். வீட்டுக்குப் போய்ப் பணம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் மீதியும் போய்விட்டது. தரையில் கிடந்த ஒரே ஒரு தாள்தான் கிடைத்தது. கருநீலத் துண்டு ஒட்டிய தாள். அந்தக் கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அது இன்னது, இதற்கு இன்ன மதிப்பு, இன்ன இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இதெல்லாம் நடக்கக்கூடிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். பெல்ஜியத்தில் கோர்ட்ரேய்க் என்ற நகரம் இருக்கிறது. ஆளிச் செடியின் தண்டிலிருந்து நார் பிரித்து லினன் நெய்வதுதான் அந்த வட்டாரத்தின் பிழைப்பாக இருந்தது. அவுரியைப் போலவே ஆளியையும் நீரில் ஊறவைத்து அழுகவிட்டால்தான் நார் பிரியும். அங்கே ஓடும் லெய் ஆறு முழுவதும் ஆளிக் கட்டுகள் மிதந்த காலத்தில் அதன் நாற்றம் ஊரைத் தூக்கியது. ஆனாலும் அந்த ஆற்றுக்கு மக்கள் வைத்த பெயர் ‘பொன்னாறு’. தொழில் சுருங்கிய பிறகு அவர்கள் பழைய ஆளிக் கிடங்கு ஒன்றைப் புதுப்பித்து, 2014இல் ஆளிக்கும் அந்த ஆற்றுக்குமான அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். வட அயர்லாந்தின் லிஸ்பர்ன் நகரிலும் லினனுக்கென்று இப்படி ஓர் இடம் உண்டு, அங்கே கைத்தறியில் நெய்து காட்டுகிறார்கள். நம்மிடமோ கிடங்குக்குப் பதிலாக ஓர் ஆலையே இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் அடி வாங்கிய பிறகும் நிற்கும் சுவர்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் வேலை பார்த்து, எந்த இயந்திரம் எங்கே நின்றது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

முதலில் செய்ய வேண்டியது கட்டடம் தொடர்பான காரியமே அன்று. மூன்று ஆலைகளின் வருகைப் பதிவேடுகள், சம்பளப் புத்தகங்கள், மாதிரித் துணிப் புத்தகங்கள், இயந்திர வரைபடங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு கணக்கெடுத்து, அவை ஏலத்துக்கோ எடைக்கோ போகாதபடி உடனே ஓர் ஆணை பிறப்பியுங்கள். அதோடு, ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் பேச்சைப் பதிவு செய்யும் வேலையைக் கல்லூரி மாணவர்களிடம் ஒப்படையுங்கள். ‘கஞ்சிப்பாவு’, ‘தார்’, ‘நாடா’, ‘பதிலி ஆள்’ என்ற சொற்கள் ஒவ்வொன்றும் அவர்களோடு போய்விடும் நிலையில் இருக்கின்றன. ஒலிப்பதிவுக் கருவியும் ஒரு நோட்டும் இருந்தால் இந்த வேலை நாளையே தொடங்கும். ஆண் தொழிலாளர்களோடு நிறுத்திவிடாமல், ஆலைக்குச் சோறு கொண்டுபோன பெண்களையும், நூல் சுற்றிக்கொடுத்த பெண்களையும் கேட்க வேண்டும்.

அடுத்தது தாவரவியல் பூங்கா. 1826இல் உருவான அந்தப் பூங்காவை வளர்த்தவர் பெரோத்தே என்ற தாவரவியலாளர். அவர் புதுச்சேரிக்கு வரும் முன் செனகலில் அவுரிப் பயிரை வளர்த்துப் பார்த்தவர். 1842இல் அவுரி பற்றித் தனி நூலே வெளியிட்டவர். 1870இல் இந்த ஊரிலேயே மறைந்தவர். கினே போய்ச் சேர்ந்த கரையையும் அது புறப்பட்ட கரையையும் ஒரே மனிதர் கண்டிருக்கிறார். அவர் வளர்த்த பூங்காவில் ஒரு சிறு பாத்தி அவுரிக்கும், பக்கத்தில் ஒரு பாத்தி சாயவேருக்கும், ஓரத்தில் தகரைக்கும் ஒதுக்கினால் செலவு என்று சொல்ல எதுவும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் இலையைக் கசக்கிப் பார்க்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை, அறுவடைக் காலத்தில், திண்டிவனம் பக்கத்துச் சாயத் தொழிலாளர்களைத் தகுந்த ஊதியத்தோடு அழைத்து வந்து தொட்டி போட்டுக் காட்டச் செய்யுங்கள். குறிஞ்சிப்பாடிக் கைலி நெசவாளரையும் புவனகிரி நெசவாளரையும் அதே நாளில் அழையுங்கள். ஒரே துணி நிலத்துக்கு நடுவே ஓடுகிற மாநில எல்லை, தறியில் ஏற்றிய பாவுக்குத் தெரியாது. இதற்காகக் கடலூர் மாவட்ட நிர்வாகத்தோடு நீங்கள் பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சு எளிதாகவே முடியும் என்று நம்புகிறேன்.

பாரிசில் இருக்கும் பொலியேயின் துணித் துண்டுகளை நாம் திருப்பிக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவற்றின் தரமான படங்களையாவது முறைப்படி கேட்டுப் பெறலாம். பிரான்சு நாட்டுத் துணைத் தூதரகமும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இந்த ஊரிலேயே இருக்கும்போது அது கடினமான காரியம் ஆகாது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் சாயக்காரர் ஒருவர் தோய்த்த துணி எப்படி இருந்தது என்பதை முத்தியால்பேட்டைப் பிள்ளை ஒன்று முத்தியால்பேட்டையிலிருந்தே பார்க்க முடிய வேண்டும். கினே ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டதை இந்த ஊரில் நான் இதுவரை பார்த்ததில்லை.

வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவர்களைப் பாதுகாக்க நீங்கள் எடுக்கும் முயற்சிகளை மதிக்கிறேன். அந்த வீடுகளைக் கட்டிய பணத்தில் நீலத் துணிக்கும் ஒரு பங்கு உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கடற்கரைச் சாலையில் நடந்து, அந்தச் சுவர்களுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களில் பத்தில் ஒருவரையாவது கால்வாயைத் தாண்டி, கடலூர் சாலை வழியாக, எங்கள் பகுதிக்கு அழைத்து வர ஒரு காரணத்தை உருவாக்குங்கள். அந்த இடத்தில் வழிகாட்டியாக, நூல் சுற்றிக் காட்டுபவராக, சாயம் தோய்த்துக் காட்டுபவராக வேலை பார்க்க ஆலைத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். வேலையிழந்தவர்களுக்கு வரவேண்டிய தொகைகளைத் தீர்ப்பது தனிக் கடமை, அதற்கு ஈடாக இதை யாரும் காட்டிவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

என்னிடம் அந்தப் பேரேட்டின் ஒற்றைத் தாள் இருக்கிறது. அப்பா ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்குக் கொண்டு வந்த, தறியில் ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடா ஒன்றும் இருக்கிறது. மரம் தேய்ந்து, அவர் கட்டைவிரல் பட்ட இடத்தில் சிறு குழி விழுந்திருக்கிறது. இரண்டையும் அரசிடம் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். எந்த அலுவலகத்தில், யாரிடம் கொடுத்து ரசீது பெற வேண்டும் என்று அறிவித்தால், நானே நேரில் கொண்டு வருகிறேன். எங்கள் தெருவில் இன்னும் ஆறேழு வீடுகளிலிருந்தும் கொண்டு வருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகள்,
முதலியார்பேட்டை, புதுச்சேரி.